நான்கு கித்தேரிகளும் ஒரு மொச்சையும்

பனைமுனையில் பிள்ளைக்குப் பேர் வைத்தால் மட்டும் போதாது, அந்தப் பேரைக் கடலுக்கும் சொல்லியாக வேண்டும். ஞானஸ்நானத் தண்ணீர் பிள்ளையின் தலையில் காய்வதற்குள் உபதேசியார் கோவில் வாசலுக்கு வந்து, கடலைப் பார்த்து நின்று, மூன்று தடவை கூப்பிடுவார்; கூப்பிடும்போது வீட்டுப் பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார், ஏனென்றால் நானூறு வருஷமாக அந்த ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேரையே திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு வருகிறார்கள், ஒத்தப்பனை வீட்டு மிக்கேல், உடைகல் வீட்டு மிக்கேல் என்று விவரம் சொல்லாவிட்டால் எந்த மிக்கேல் என்று கடலுக்கு எப்படித் தெரியும்?

கஸ்பாருக்கும் டெல்பினாவுக்கும் பிறந்த தலைப்பிள்ளைக்குப் பேர் சொன்ன அன்று உபதேசியார் வியாகுலத்துக்குக் கடைவாய்ப் பல் வலி. வாயில் கிராம்பு. கையில், துபாய்க்குப் போன பையன்கள் வாங்கி அனுப்பிய புது மைக். 'பாய்மர வீட்டு' என்ற சொல்லை அவர் கிராம்போடு சேர்த்து விழுங்கிவிட்டு, கடலின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, "கித்தேரி! கித்தேரி! கித்தேரி!" என்று மொட்டையாகக் கூப்பிட்டார்.

வந்தவர்களுக்குக் கொடுத்த ரோஸ்மில்க் டம்ளரில் பாதி குறைவதற்குள் முதல் கித்தேரி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

அவள் பரங்கிக் கப்பித்தான் காலத்தவள். ஊர்க்காரர் முத்துக் குளிக்கக்கூடாது என்று அவன் கப்பலைக் கொண்டுவந்து மறித்தபோது, கழுத்தளவு தண்ணீரில் மூன்று பகல் நின்று அந்தக் கப்பலை அவள் மறித்தாள் என்று ஊரில் பேச்சு. இப்போதும் கழுத்துக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள், கழுத்துக்கு மேலே காய்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் குதிரையை அழவைத்த கித்தேரி. பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரியை இவள் எடுத்த எடுப்பில் ஆயருடைய குதிரை முன்னங்காலை மடக்கிக் கண்ணீர் விட்டதாம். அதற்குப் பின்னால் தோணிக்கார கித்தேரி, புருஷன் செத்த மறுவாரமே வெங்காயம் ஏற்றின மூன்று தோணியைத் தானே கொழும்புக்கு ஓட்டிப் போனவள், நூறு வருஷம் ஆகியும் வெங்காய வாடை போகாதவள். கடைசியாக, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக, ஊரில் பொம்பளைப் பிள்ளைகளுக்கு முதல் பள்ளிக்கூடம் திறந்த சிஸ்டர் கித்தேரி. அவள் படம் இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்தில் தொங்குகிறது.

கன்னியர் மடத்தில் படித்து வளர்ந்த டெல்பினா, மடியில் பதினாறு நாள் பிள்ளையை வைத்திருந்தவள், சிஸ்டரைக் கண்டதும் தன்னை அறியாமல் எழுந்து நின்று, "குட் மார்னிங் சிஸ்டர்" என்று இழுத்தாள்.

"உட்காரு," என்றாள் சிஸ்டர் கித்தேரி. "பிள்ளை தலையைப் பிடிக்கிற லட்சணமா இது? இங்கே கொடு."

கொடுத்தாள். அந்த ஒரு கொடுத்தலைத்தான் பிறகு எட்டு மாதம் நினைத்து நினைத்து அவள் வயிறு எரிந்தது.

செத்தவர்கள் வந்ததைப் பற்றி பனைமுனை ரொம்பவெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. கூப்பிட்டோம், வந்தார்கள், கூப்பிட்டு வந்தவர்களை வாசலில் நிறுத்துவது ஊருக்கு அழகா என்று நாலு நாற்காலி வந்தது, இன்னும் நாலு டம்ளர் ரோஸ்மில்க் வந்தது. முதல் வாரத்திலேயே ஆட்கள் தோணிக்காரியிடம் வந்து காற்று எப்போது திரும்பும் என்று கேட்டுப் போனார்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு சிஸ்டரிடம் வந்தன, எழவு விழுந்த வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கோடு வந்து குதிரைக்காரியை ஒப்பாரிக்கு அழைத்துப் போனார்கள், அவள் அழுது முடித்தபோது அந்தத் தெருவிலிருந்த மூன்று நாயும் ஒரு டி.வி.எஸ். வண்டியும் கொஞ்ச நேரம் நகரவில்லை. கழுத்துத்தண்ணிக்காரியால் வீடு முழுக்க ஈரம். டெல்பினா துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கஸ்பார் மட்டும் முதல் மூன்று நாள் கடலுக்குப் போகாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பெற்றவள் பேரும் கித்தேரிதான். அவள் பேரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கருவாடு காயப்போட்டு, காக்கை விரட்டி, ஒரு நாள் இருமிச் செத்துப்போனவள் அவள். கப்பலை மறிக்கவில்லை, குதிரையை அழவைக்கவில்லை. நாலாம் நாள் காலையில் அவன் எழுந்து, "பேர் எடுத்தவங்களுக்குத்தான் காது கேட்கும்போல," என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போனான்.

ஊருக்குப் பொறாமை வந்தது அதற்குப் பிறகு. பாய்மர வீட்டில் நாலு பெரிய மனுஷிகள் இருக்கிறார்கள், நம் வீட்டில் என்ன இருக்கிறது, ஓட்டை விழுந்த ஐஸ்பெட்டி இருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் முணுமுணுப்பு. மேலத்தெரு மிக்கேல் வீட்டார் உபதேசியாருக்கு ஒரு வஞ்சிரத்தைக் கொடுத்து, எங்கள் பேரனுக்கும் மொட்டையாகக் கூப்பிடும் என்று கேட்டது பங்குச்சாமி காதுக்கு எட்டிவிட்டது. சாமி பூசையிலேயே சொன்னார்: "நானூறு வருஷத்து மிக்கேல்மார் எல்லாரும் வந்து இறங்கினால் நாற்காலி போடுவது யார்? இனிமேல் செத்துப்போன பெரிய ஆள் ஒருத்தராவது இருக்கிற பேரை மொட்டையாகக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் மைக்கைப் பிடுங்கிவிடுவேன்."

கஸ்பாருடைய அக்காள் பிலோமிக்கு அதில் பெரிய வருத்தம். அவளுக்கு மூன்று ஆண்பிள்ளை, உபதேசியாருக்குப் பல்வலி இல்லாத நாளில் மூன்று பேருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தாகிவிட்டது.

"ஏட்டி டெல்பினா," என்பாள், அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டு. "ஒன் பேருக்கு யாரு வந்தா ஒங்க ஊர்ல?"

"யாரும் வரல மைனி."

"எப்படி வருவாவ? டெல்பினான்னா என்ன அது, சோப்பு பேரு மாதிரி. ஒங்க அப்பாவுக்கு வேற பேரே கெடைக்கலியா?"

டெல்பினா கடலே இல்லாத ஊரில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் நல்ல முகமாய்ச் சிரித்த ஒரு நர்ஸின் சட்டையில் குத்தியிருந்த பேரை அப்பா பார்த்து வைத்தது அது. அந்தப் பேரில் அவளுக்கு முன்னால் யாரும் எதையும் செய்ததாகத் தெரியவில்லை. ஒரு ஊரே அவள் மகளின் தொட்டிலைச் சுற்றி நிற்க, தன் தொட்டிலை நினைத்துப் பார்த்தால் அதைச் சுற்றிக் கொசு மட்டும்தான் நின்றது.

நாலு பேருக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. தொட்டிலுக்குத் தலைமாட்டில் யார் உட்காருவது என்பதில் தினம் ஒரு சண்டை.

"பேரு முதல்ல எனக்குத்தான் இருந்திச்சு," என்பாள் கழுத்துத்தண்ணிக்காரி.

"முதல்ல இருந்து என்ன? தண்ணிக்குள்ள சும்மா நின்னே. தவளையுந்தான் நிக்குது," என்பாள் தோணிக்காரி.

"வெங்காயம் வித்தவ பேச்செல்லாம் கேட்கணும்னு என் தலையெழுத்து," என்று குதிரைக்காரி ராகம் போடத் தொடங்குவாள், உடனே பிள்ளை சிரிக்கும். அது சிரித்த முதல் சிரிப்பே அவளைப் பார்த்துத்தான். முதல் பல் முளைத்ததைக் கண்டுபிடித்தது சிஸ்டர். முதல் தடவை குப்புற விழுந்தபோது எதிரே கைதட்டியவள் தோணிக்காரி. டெல்பினா அப்போது ஈரம் துடைத்துக்கொண்டிருந்தாள். பால் குடிக்க மட்டும் பிள்ளை அவளிடம் வந்தது, குடிக்கையில் அதன் உச்சந்தலையை முகர்ந்தால் பாசி வாடை, வெங்காய வாடை, கஞ்சி வாடை, தன் வாடையைத் தேடித் தேடி அவள் பிள்ளையின் காது மடலுக்குப் பின்னால் வரைக்கும் மூக்கை வைத்துப் பார்ப்பாள். அந்தக் காது ஊறவைத்த மொச்சைப் பயறு மாதிரியே இருக்கும். அவள் ஊரில் மொச்சை விளையும். "மொச்சே," என்று அந்த மடலுக்குள் காற்றாக ஊதுவாள். "ஏ மொச்சே. யாரு பிள்ளை நீ?"

பேர் சொல்லிக் கூப்பிட அவளுக்குப் பயம். "கித்தேரி" என்று வாயைத் திறந்தால் போதும், நாலு திக்கிலிருந்தும் "என்ன?" என்று நாலு குரல் கேட்கும், நாலு தலை திரும்பும், ஈரமும் வாடையுமாக நாலு பேர் தொட்டிலுக்கு மேல் குனிவார்கள். தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைப்பதற்கு அந்தப் பிள்ளைக்கு எட்டு மாதத்தில் ஒரு சந்தர்ப்பம்கூட வாய்க்கவில்லை.

தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா அட்டையைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்: "பேர் சொன்னா திரும்புறாளா?"

"கூப்பிடு," என்றாள் சிஸ்டர் கித்தேரி, பரீட்சை ஹாலில் நிற்பவளைப் போல.

டெல்பினா கூப்பிட்டாள். நாலு பேர் "என்ன?" என்றார்கள். பிள்ளை தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நர்ஸம்மா பென்சிலால் அட்டையில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்தக் கேள்விக்குறி மீன் கொக்கி மாதிரி டெல்பினாவின் தொண்டையில் மாட்டிக்கொண்டது. என்றைக்காவது பிள்ளை தன்னை விட்டுத் தூரம் போய்விட்டால், எதைச் சொல்லி அதைத் திரும்பக் கூப்பிடுவேன்?

அந்த 'என்றைக்காவது' ஒன்பது நாளில் வந்தது. சாயங்காலம் நாலரை மணி. படகுகள் கரையேறுகிற நேரம், கரை முழுக்க ஜனம், ஆனால் எல்லார் கண்ணும் மீன்மேல். பிள்ளை மணலில் விரித்த பாயில் கிடந்தது. நாலு பேரும் காவலுக்கு இருந்தார்கள், ஆனால் நாலு பேரும், கஸ்பார் கொண்டுவந்த விளைமீனில் தலை யாருக்கு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். செத்தவர்கள் சாப்பிடுவதில்லை, மரியாதை கேட்பார்கள். டெல்பினா கூடையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பாய் வெறும் பாயாகக் கிடந்தது.

பிள்ளை தண்ணீருக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. அதற்கு முன்னால் நுரை வந்து வந்து போனது. அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பெரிய வலை விரித்துக் கிடந்தது. அதில் கால் வைத்தால் சிக்கும், சுற்றி ஓடினால் நேரம் ஆகும். நீச்சல் தெரியாதவள் அவள், கடலைப் பார்த்து ஒவ்வொரு நாளும் பயந்தவள். முதல் தடவையாகத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"கித்தேரி!"

கப்பலை மறித்தவளும் குதிரையை அழவைத்தவளும் தோணி ஓட்டினவளும் பள்ளிக்கூடம் திறந்தவளும் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அவளிடம் ஓடிவந்தார்கள்! பேர் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிட்டவரிடம்தானே வருவார்கள்? "என்ன? என்ன?" என்று நாலு பேரும் அவளைச் சுற்றி நின்று மறித்தார்கள், அவர்களுடைய நாலு பெரிய தோள்களுக்கு நடுவில் தெரிந்த சந்து வழியாக அவள் பார்த்தாள், பிள்ளை திரும்பவே இல்லை, முட்டியைத் தேய்த்துத் தேய்த்து நுரைக்குள் ஒரு கையை வைத்தது.

அப்போது டெல்பினாவின் வாயிலிருந்து அவள் யோசிக்காத ஒன்று வந்தது.

"ஏ மொச்சே!"

பிள்ளை நின்றது. கழுத்தைத் திருப்பியது. ஈரக் கை அந்தரத்தில் நிற்க, பெற்றவளை நேராகப் பார்த்து, இரண்டு பல்லும் தெரியச் சிரித்து, உடம்பைச் சுற்றித் திருப்பிக்கொண்டு, கடலுக்குப் பின்பக்கத்தைக் காட்டியபடி அவளைப் பார்த்துத் தவழ்ந்து வந்தது. பின்னாலேயே வந்த அலை அதன் பாதத்தை நனைத்துவிட்டுப் போனது. டெல்பினா வலையைச் சுற்றி ஓடி வாரி எடுத்தாள். எடுத்து முகர்ந்தாள். உப்பு வாடைக்கு நடுவில் அவளுடைய வாடை.

நாலு பேரும் மணலில் அப்படியே நின்றார்கள். செத்தபிறகு அவர்கள் முகத்தில் முதல் தடவையாக ஒரு கூச்சம்.

"நீ என்ன சொல்லிக் கூப்பிட்டே?" என்று கழுத்துத்தண்ணிக்காரி மெதுவாகக் கேட்டாள்.

"அது எங்களுக்குள்ள," என்றாள் டெல்பினா. பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டாள்.

கழுத்துத்தண்ணிக்காரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா என்னைய நெத்திலிம்பா. அவ்வளவு ஒல்லியா இருப்பேன். அவ போனதுக்கப்புறம் ஊரே என்னைய கித்தேரி கித்தேரின்னுது. நெத்திலின்னு சொல்ல ஒரு நாதி இல்ல." சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பார்த்தாள். அந்தப் பார்வை டெல்பினாவுக்குத் தெரிந்த பார்வை. எட்டு மாதமாக அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அதே பார்வை. நானூறு வருஷத்துப் பேர் எடுத்தவள், மொச்சை என்கிற ஒரு பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்.

பொறாமையைப் பொறாமைதான் அறியும். டெல்பினா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், தெருவில் விளையாடுகிற பிள்ளைகளை ஒவ்வொரு வீட்டுத் தாயும் வாசலில் நின்று கூப்பிடுகிற நேரத்தில், டெல்பினாவும் வாசலில் போய் நின்றாள். இடுப்பில் பிள்ளை. இடது கையை வாயருகே குவித்துக்கொண்டு, கடலைப் பார்த்து, கோபமும் ஆசையும் கலந்த அந்தத் தாய்க்குரலில் கூப்பிட்டாள்.

"ஏ நெத்திலி! இருட்டப் போகுது, வீட்டுக்கு வாட்டீ!"

உள்ளேயிருந்து கழுத்துத்தண்ணிக்காரி ஓடிவந்தாள். வாசலைத் தாண்டும்போது வளர்ந்த பொம்பளையாய் இருந்தாள், பனைமரத்தடிக்குப் போவதற்குள் பன்னிரண்டு வயசுப் பெண்ணாய் ஆனாள், மணலில் கால் வைக்கும்போது முழங்கால் தெரியப் பாவாடையைத் தூக்கிப் பிடித்த ஒரு ஒல்லிப் பிள்ளை, "வாரேம்மா!" என்று கத்திக்கொண்டே யாரையோ நோக்கி ஓடியது. அதன் பாவாடை காய்ந்திருந்தது.

மறுநாள் குதிரைக்காரி தானே வந்து டெல்பினாவின் முந்தானையைப் பிடித்தாள். "என்னைய சளிமூக்கின்னு கூப்பிடுவாவ. சிரிக்காதே." டெல்பினா சிரிக்காமல் கூப்பிட்டாள். தோணிக்காரி இரண்டு நாள் வீம்பு பிடித்து, மூன்றாம் நாள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பூசணி," என்று மட்டும் சொன்னாள். அவள் ஓடின வழியெல்லாம் இரண்டு நாள் வெங்காயம் மணத்தது.

இது டெல்பினாவின் பெரிய மனசு என்று யாரும் நினைக்கவேண்டாம். வீட்டைக் காலி செய்ய வேண்டும், பிள்ளை தன்னிடம் வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யாரைக் கண்டு அவள் வயிறு அதிகம் எரிந்ததோ அந்த ஒருத்திதான் மிச்சம். சிஸ்டர் கித்தேரி அடுக்களையில் நின்று பிள்ளையின் பால் சங்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர். உங்களை வீட்ல என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?"

"எந்த வீட்ல?" என்றாள் சிஸ்டர், திரும்பாமல். "மடத்து வாசலில் ஒரு கூடையில் என்னைப் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்குக் காலண்டரில் எந்தப் புனிதையின் பேர் இருந்ததோ அதை மதர் வைத்தார். அதற்கு முன்னால் எனக்குப் பேர் இல்லை. பின்னாலும் வேறு பேர் இல்லை." சங்கைத் துணியில் கவிழ்த்து வைத்தாள். "ஆயிரத்து நூறு பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், டெல்பினா. யாரும் வீட்டுக்கு வா என்று என்னைக் கூப்பிட்டதில்லை."

மொச்சை என்ற பேரைக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் டெல்பினா நினைத்தாள். நினைத்தவுடனே நெஞ்சுக்குள் எதுவோ கையை இறுக்கி மூடிக்கொண்டது. மாட்டேன். அது மாட்டேன். அவளிடம் வேறு என்ன இருக்கிறது? யாரும் கேட்காத, யாரும் ஆசைப்படாத, சோப்பு மாதிரி என்று மைனி சொன்ன ஒன்று இருந்தது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் நின்று, கையைக் குவித்துக் கூப்பிட்டாள்.

"டெல்பினா! எவ்வளவு நேரம் வெளியே நிக்கிறே? வீட்டுக்கு வாம்மா!"

தன் பேரைத் தானே கூப்பிடுவது என்னவோ செய்தது. அவளையே யாரோ தூரத்திலிருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது, ஒரு கணம் தானே ஓடிவிடுவோமோ என்று நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் அவளைத் தாண்டிப் போனாள். படியில் நின்று, "உனக்கு வேண்டாமா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும் சிஸ்டர். ஒரே பேர்ல ஊர்ல ரெண்டு பேரு இருந்தா என்ன?"

கஞ்சி போட்ட சேலை மணலில் சரசரத்துப் போனது. குடையை மறந்து வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மழையும் பனியும் போய் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் வந்தது. கேள்விக்குறியை நர்ஸம்மா ரப்பரால் அழித்தாள். நாற்பத்தொரு வயசில் பிலோமிக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிலோமி ஒற்றைக் காலில் நின்றாள்: என் பிள்ளைக்கு மைக்கில் மொட்டையாகத்தான் பேர் கூப்பிட வேண்டும். பங்குச்சாமி ஊரிலுள்ள பேரையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார், அதில் ஒரு பெரிய ஆள், இதில் இரண்டு, அதில் ஏழு, கடைசியில், "செத்துப்போன பெரிய ஆள் யாருமே இல்லாத பேர் ஒன்றுதான் இருக்கிறது," என்றார், "உன் தம்பி பொண்டாட்டி பேர்."

"சோப்பு பேருதான்," என்றாள் பிலோமி. "பரவாயில்ல. எம்பிள்ளை கமகமன்னு இருக்கட்டும்."

பல் பிடுங்கிய வியாகுலம் உபதேசியார் தெளிவாகக் கூப்பிட்டார். "டெல்பினா! டெல்பினா! டெல்பினா!"

ரோஸ்மில்க் பாதி குறைவதற்குள் வாசலில் கஞ்சி வாடை அடித்தது.

"என்ன சிஸ்டர், யாரு வேணும்?" என்று பிலோமி கேட்டாள்.

"டெல்பினா வந்திருக்கிறேன்," என்றாள் வெள்ளைச் சேலைக்காரி. சபையெல்லாம் எழுந்து நின்றது. பிலோமிக்கு முகம் பூரித்தது, ஊரில் யாருக்கும் இல்லாதது தன் வீட்டுக்கு வந்துவிட்டது. ஞானத்தாயாக நின்ற டெல்பினா, தன் பேர் இவ்வளவு நிமிர்ந்து ஒரு வாசலில் நிற்பதை முதல் தடவையாகப் பார்த்தாள். இடுப்பிலிருந்த மொச்சை, "ட்டர்!" என்று இரண்டு கையையும் நீட்டியது, டெல்பினாவின் பிடி ஒரு விரல் அளவு இறுகி, பிறகு தளர்ந்தது.

சிஸ்டர் மொச்சையின் கன்னத்தைத் தட்டிவிட்டு நேரே பிலோமியிடம் போனாள். "பிள்ளை தலையைப் பிடிக்கிற லட்சணமா இது? இங்கே கொடு."

பிலோமி கொடுத்தாள். காலையிலிருந்து அழுத பிள்ளை சட்டென்று அடங்கி, சிஸ்டரின் முகத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. வெறுங்கையோடு நின்ற பிலோமியின் முகத்தில் பூரிப்பு மெல்ல வடிவதை டெல்பினா பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் போய், காதோடு கேட்டாள்.

"மைனி, பிள்ளைக்கு வீட்ல கூப்பிட ஒரு பேரு வச்சிட்டீங்களா?"

"இல்லியே. ஏன்?"

"பிள்ளைய இப்பவே வாங்கி, இப்பவே வைங்க. அது காதுல மட்டும் சொல்லுங்க. எனக்குக்கூடச் சொல்லாதீங்க."

பிலோமி இரண்டே எட்டில் போய் சிஸ்டரின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி, முந்தானையால் தங்கள் இரண்டு தலையையும் மூடிக்கொண்டு, அந்தச் சின்னக் காதில் வாயை வைத்தாள். என்ன சொன்னாள் என்று பனைமுனையில் இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது.